ஜெர்மன் முப்பாட்டன் எந்த ஊரு? காசை எதுல போடறது: டிஎன்ஏ கிட்டா, சந்தாவா, ஆளு வெச்சுத் தேடறதா

இந்தக் கேள்வி எங்க வட்டத்துல இப்ப அடிக்கடி வருது. அமெரிக்காவுல கல்யாணம் பண்ணிக்கிட்ட நம்ம பசங்க பொண்ணுங்க நிறைய பேருக்கு மாமனார் வீடு ஜெர்மன் வழி, அதுவும் விஸ்கான்சின், ஓஹையோ, பென்சில்வேனியா பக்கம்னா கேக்கவே வேணாம், 2020 சென்சஸ்ல தன்னை ஜெர்மன் வழின்னு எழுதிக்கிட்டவங்களே சுமார் 4.5 கோடி பேர். குழந்தை பொறந்து பேர் வைக்கற நேரத்துல நம்ம அம்மா குலதெய்வம் கோயில் இருக்கற ஊர்லேர்ந்து எடுத்து விடுவாங்க, அந்தப் பக்கம் கேட்டா "ஏதோ ஜெர்மனி, பிரஷ்யான்னு சொல்லுவாங்க"ங்கறதோட நின்னுடும். எங்க வீட்டுக்காரர் குடும்பமும் அதே கதைதான். கிறிஸ்மஸுக்கு நாத்தனார் எல்லாருக்கும் டிஎன்ஏ கிட் வாங்கிக் குடுத்தாச்சு, ரிசல்ட்டும் வந்தாச்சு, முப்பாட்டன் எந்த ஊருன்னு மட்டும் யாருக்கும் தெரியல.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் ஒவ்வொண்ணா பாக்கலாம். ஜெர்மனின்னோ பிரஷ்யான்னோ தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஊர் பேர் வேணும். 1871க்கு முன்னாடி ஜெர்மனின்னு ஒரே நாடு கிடையாது, பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன், மெக்லன்பர்க்னு ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு ஆபீஸ். பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தந்த ஊர் சர்ச் புத்தகத்துல இருக்கு, நாடு முழுக்க சேர்த்து பேர் போட்டுத் தேடற லிஸ்ட் எதுவும் கிடையாது. அதனால ஊர் தெரியாம ஜெர்மன் தளங்களுக்கு சந்தா கட்டறது தண்டம். அந்த ஊர் பேர் முக்கால்வாசி நேரம் ஜெர்மனியில கிடைக்காது, அமெரிக்காவுலயே, அவங்க வந்து குடியேறின கவுன்ட்டியிலயே எங்கேயோ ஒரு பேப்பர்ல கிடக்கும். முதல் காசை, முதல் உழைப்பை அங்க போடுங்க.

டிஎன்ஏவை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க. அந்த கலர் மேப் பாக்க அழகாத்தான் இருக்கும், "ஜெர்மானிக் யூரோப்"னு ஒரு பெரிய வட்டம் போட்டு சதவீதம் காட்டும், அந்த வட்டத்துக்குள்ள நெதர்லாந்துலேர்ந்து போலந்து ஓரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்துடும். பால்டிக் கடல் ஓரம் பொமரேனியாலேர்ந்து வந்த குடும்பம்னா கிழக்கு ஐரோப்பான்னு கூட கணிசமா காட்டும், அதைப் பாத்து தாத்தா பொய் சொல்லிட்டார்னு சண்டை போடாதீங்க, அந்த மண்ணோட ஜனக்கலப்பு அப்படி. உருப்படியான விஷயம் மேட்ச் லிஸ்ட்தான், அதாவது உங்களோட டிஎன்ஏ ஒத்துப்போற மத்தவங்க பட்டியல். ஆனா கணக்கைப் பாருங்க: உங்க வீட்டுக்காரரோட தாத்தாவோட தாத்தா கப்பல் ஏறினார்னா, ஊர்லயே தங்கிட்ட அவர் அண்ணன் தம்பி வழியில இன்னிக்கு இருக்கறவங்க இவருக்கு நாலாவது கசின். மூணாவது கசின்னா பத்துல ஒன்பது பேருக்கு மேட்ச் காட்டும், நாலாவதுல பாதிப் பேருக்குத்தான், அஞ்சாவதுக்குப் போனா பத்துல ஒருத்தர் தேறினா அதிசயம். அதுக்கும் ஜெர்மனியில இருக்கறவங்க டெஸ்ட் எடுத்திருக்கணும், அங்க இந்த மோகம் அமெரிக்கா அளவுக்கு இல்ல. டெஸ்ட் எடுத்தே ஆகணும்னா வீட்டுல இருக்கற மூத்த ஆளை, மாமனாரோட அத்தை சித்தப்பா யாராவது இருந்தா அவங்களை எடுக்க வைங்க, ஒண்ணு ரெண்டு தலைமுறை கிட்டக்க போயிடலாம். டெஸ்ட் எடுக்கற கம்பெனிகள்ல ஐரோப்பா ஆளுங்க மைஹெரிட்டேஜ்ல கொஞ்சம் அதிகம், அமெரிக்க சொந்தங்கள் ஆன்செஸ்ட்ரியில (பழைய பதிவுகளை சந்தாவுக்குக் காட்டற தளமும் இவங்களோடதுதான்) அதிகம். இன்னொரு டெஸ்ட் கம்பெனி 23அண்ட்மீ 2025 மார்ச்ல திவால் மனு போட்டப்ப "நம்ம எச்சில் டேட்டா யார் கைக்குப் போகும்"னு ஊரே பதறினது ஞாபகம் இருக்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. மொத்தத்துல கிட் வாங்கறது கெட்டது இல்ல, ஆனா அது முட்டுச்சந்துல மாட்டினப்ப எடுக்கற ஆயுதம், ஆரம்பிக்கறதுக்கு ஆகாது.

அடுத்தது கப்பல் லிஸ்ட். இதுல ஒரு பெரிய லாட்டரி இருக்கு, எந்தத் துறைமுகம்ங்கறதுதான் அது. ஹாம்பர்க் வழியா போயிருந்தா அதிர்ஷ்டம், 1850லேர்ந்து 1934 வரைக்கும் லிஸ்ட் இருக்கு (முதல் உலகப்போர் காலம் மட்டும் ஓட்டை), அதுல பேர், வயசு, தொழில் கூடவே கடைசியா இருந்த ஊர் எழுதியிருப்பாங்க. ஆன்செஸ்ட்ரியில பேர் போட்டே தேடலாம். ஒண்ணு கவனிங்க, நேரடி கப்பல், மறைமுக கப்பல்னு ரெண்டு தனி வரிசை, செலவு கம்மின்னு இங்கிலாந்துல ஹல்ல இறங்கி லிவர்பூல் போய் அங்கேர்ந்து அமெரிக்கா போனவங்க ரெண்டாவதுல இருப்பாங்க. முதல் வரிசையை மட்டும் பாத்துட்டு ஆளைக் காணோம்னு மூடிடறவங்க நிறைய பேர்.

ப்ரேமன் வழியா போயிருந்தா, ஐயோ பாவம். அங்கயும் 1832லேர்ந்தே லிஸ்ட் எழுதினாங்க, ஆனா வைக்க இடம் இல்லன்னு பழசையெல்லாம் அவங்களே அழிச்சுட்டாங்க, இப்ப மிஞ்சியிருக்கறது 1920லேர்ந்து 1939 வரைக்கும் உள்ளது மட்டும். 19ம் நூற்றாண்டு முழுக்க லட்சக்கணக்கான பேர் ஏறின துறைமுகம், பேப்பர் இல்ல. தென்மேற்குக்காரங்க, அதாவது பாடன், பால்ஸ் பக்கம் ஆளுங்க நிறைய பேர் பிரான்ஸ்ல லெ ஆவ்ர் துறைமுகம் போய் ஏறினாங்க, அங்கயும் கிட்டத்தட்ட இதே நிலைமை.

இந்தப் பக்கம் அமெரிக்காவுல வந்து இறங்கின லிஸ்ட் 1820லேர்ந்து இருக்கு, ஆனா 19ம் நூற்றாண்டு லிஸ்ட்ல பெரும்பாலும் "ஜெர்மனி", "பிரஷ்யா"ன்னு ஒரே வார்த்தைதான், பொறந்த ஊர், ஊர்ல இருக்கற சொந்தக்காரர் விலாசம் எல்லாம் கேட்டு எழுதினது 1906, 1907 வாக்குல. அதுக்குள்ள ஜெர்மன் அலை ஓய்ஞ்சாச்சு, உச்சம் 1882, அந்த ஒரே வருஷத்துல சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தாங்க. எல்லிஸ் ஐலண்ட்ல (குடியேற வந்தவங்களை நியூயார்க்ல பரிசோதிச்சு உள்ள விட்ட இடம்) தேடறேன்னு கிளம்பறவங்களுக்கு ஒரு வார்த்தை, அது திறந்ததே 1892 ஜனவரி 1. உங்க ஆளு 1868ல வந்தார்னா நியூயார்க்லயே அதுக்கு முன்னாடி இருந்த காசில் கார்டன்லதான் இறங்கியிருப்பார், இல்ல பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ்னு வேற ஏதாவது. "எல்லிஸ் ஐலண்ட்ல ஆபீசர் எங்க பேரை மாத்திட்டான்"ங்கற கதையையும் விட்டுடுங்க, அங்க இருந்தவங்க கப்பல்லேர்ந்து வந்த லிஸ்ட்டை வெச்சு டிக் அடிச்சாங்க, அவ்வளவுதான். முல்லர் மில்லர் ஆனதும், ஷ்மிட் ஸ்மித் ஆனதும், சிம்மர்மான் கார்ப்பென்டர் ஆனதும் பின்னாடி அவங்களே, இல்ல ஸ்கூல் டீச்சரும் சென்சஸ்காரரும் காதுல விழுந்தபடி எழுதினதால.

ஊரை விட்டுக் கிளம்ப அரசாங்க அனுமதி வாங்கணும், அந்த அனுமதிப் பேப்பர் தென்மேற்குல நல்லா தங்கியிருக்கு. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநில ஆவணக் காப்பகம் வெளியேறினவங்க பேரை ஆன்லைன்ல இலவசமாவே தேட விடறாங்க, அந்தப் பக்கத்து ஆளுன்னா கப்பல் லிஸ்ட்டுக்கு முன்னாடியே இதைப் பாருங்க. பட்டாளத்துல சேரணுமேன்னு சொல்லாம கொள்ளாம ஓடினவங்க இதுல இருக்க மாட்டாங்க. டிரம்ப்போட தாத்தா ஃப்ரீட்ரிக் அப்படித்தான், பால்ஸ்ல கால்ஷ்டாட் கிராமத்துலேர்ந்து 1885ல 16 வயசுல ப்ரேமன் போய் கப்பல் ஏறிட்டார், பணத்தோட திரும்பி ஊர்ல குடியேற வந்தப்ப ராணுவ சேவைக்கு டிமிக்கி குடுத்தவன்னு சொல்லி, அப்ப பால்ஸை ஆண்ட பவேரிய அரசாங்கம் வெளிய அனுப்பிடுச்சு. ஹைன்ஸ் கெட்சப் கம்பெனி ஆரம்பிச்சவரோட அப்பாவும் அதே குட்டி கிராமம்தான்! ஒரு ஊர்லேர்ந்து ஒருத்தர் போனா பின்னாடியே பத்துப் பேர் போவாங்க, இந்த விஷயம் கீழ நமக்கு ரொம்ப உதவப் போகுது.

என் ஓட்டு எதுக்குன்னா, அமெரிக்காவுல அவங்க கும்பிட்ட சர்ச்சோட ரெஜிஸ்டருக்கு. எங்க வீட்டு விஷயத்தையே சொல்றேன். முப்பாட்டனுக்கு 1870 சென்சஸ்ல பொறந்த இடம் பிரஷ்யா. 1900ல ஜெர்மனி. குடியுரிமை பேப்பர்ல பிரஷ்ய ராஜாவுக்கு விசுவாசம் துறக்கறேன்னு ஒரு வரி (1906க்கு முந்தின குடியுரிமை பேப்பர் எல்லாம் இப்படித்தான், ராஜா பேர் கிடைக்கும், ஊர் கிடைக்காது). டெத் சர்டிஃபிகேட்ல மறுபடி ஜெர்மனி. 1890 சென்சஸ் பாக்கலாம்னா அது 1921 தீ விபத்துல சேதமாகி கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. ஆனா கிராமத்து லூத்தரன் (புராட்டஸ்டன்ட்ல ஒரு பிரிவு) சர்ச்ல அடக்கப் பதிவேட்டுல பாஸ்டர் ஜெர்மன்லயே, பழைய கையெழுத்துல, ஒரே வரியில எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கார்: பேர், பொறந்த தேதி, பொறந்த கிராமம், பக்கத்துல "க்ரை. நௌகார்ட், பொமர்ன்"னு ஜில்லாவும் மாகாணமும், செத்த தேதி, என்ன வியாதி, எத்தனை வருஷம் எத்தனை மாசம் எத்தனை நாள் வாழ்ந்தார், எந்த வசனத்தை எடுத்துப் பிரசங்கம் பண்ணினார் வரைக்கும். அரசாங்கம் நாலு பேப்பர்ல எழுதாததை அந்த மனுஷன் ஒரு வரியில எழுதிட்டார். ஏன்னா அவருக்கு அந்த ஊரெல்லாம் தெரியும், ஜில்லா பேரைத் தப்பில்லாம எழுதத் தெரியும், சென்சஸ் எடுக்க வந்த ஆளுக்கு ஜெர்மனி ஒண்ணுதான் எழுதத் தெரியும்.

அந்த ஜில்லா பேரை லேசா நினைக்காதீங்க. வெறும் "நோயென்டோர்ஃப்"னு மட்டும் இருந்துதுன்னு வைங்க, தமிழ்நாட்டுல வந்து புதூர் எங்க இருக்குன்னு விசாரிக்கற மாதிரிதான், அத்தனை நோயென்டோர்ஃப் இருக்கு.

உங்க ஆளோட பதிவுல ஊர் இல்லன்னா விட்டுடாதீங்க, அவர் பொண்டாட்டி, தங்கச்சி, மச்சான், ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் ஞானத்தந்தையா நின்னவங்க, பக்கத்து நிலத்துக்காரர் எல்லார் பதிவையும் அதே புத்தகத்துல பாருங்க. மேல சொன்ன கால்ஷ்டாட் கதைதான், கூட்டமா கிளம்பி கூட்டமா குடியேறினவங்க. விஸ்கான்சின்ல ஃப்ரைஷ்டாட்னு ஒரு இடம், 1839ல பொமரேனியாலேர்ந்து மத விஷயத்துல ராஜாவோட ஒத்துப்போகாம கிளம்பின பழைய லூத்தரன் கூட்டம் அப்படியே வந்து இறங்கி உண்டாக்கினது. இந்த மாதிரி இடத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஊர் தெரிஞ்சா உங்க ஆளு ஊரும் அதுவோ, அதுலேர்ந்து நடந்து போற தூரத்துலயோதான் இருக்கும்.

இந்தப் புத்தகங்கள் எங்க கிடைக்கும்னா, அந்த சர்ச் இன்னும் நடந்துக்கிட்டு இருந்தா அங்கயே ஆபீஸ் அலமாரியில இருக்கும், போன் பண்ணி மரியாதையா கேட்டு, தேடித் தந்ததுக்கு ஒரு காணிக்கை அனுப்பினா போதும். ஈஎல்சிஏங்கற லூத்தரன் அமைப்புச் சர்ச்சுகளோடது நிறைய ஆன்செஸ்ட்ரியில ஏறியிருக்கு. மிசூரி சினட்ங்கற இன்னொரு லூத்தரன் அமைப்புன்னா செயின்ட் லூயிஸ்ல கன்கார்டியா ஹிஸ்டாரிகல் இன்ஸ்டிட்யூட்ல கேளுங்க. கத்தோலிக்கர்னா அந்த மறைமாவட்ட ஆவணக் காப்பகம். ஆன்செஸ்ட்ரிக்கு சந்தா கட்டறதுக்கு முன்னாடி ஊர் பப்ளிக் லைப்ரரிக்கு போங்க, நிறைய லைப்ரரியில அங்கயே உக்காந்து இலவசமா பாக்கலாம், முதல் ரெண்டு மாச வேலைக்கு அதுவே தாராளம். ஜெர்மன் பத்திரிகை மரண அறிவிப்பும் பாருங்க, பால்டிமோர்ல வந்த டெர் டாய்ச்ச கரஸ்பாண்டென்ட் மாதிரி சிலது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இலவசம். முப்பாட்டன் அமெரிக்க உள்நாட்டுப் போர்ல சண்டை போட்டிருந்தா (ஜெர்மன்காரங்க நிறைய பேர் போட்டாங்க) பென்ஷன் ஃபைல் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கும், விதவை பென்ஷன் கேட்டப்ப கல்யாணத்தை நிரூபிக்கக் குடுத்த காகிதமெல்லாம் அதுலதான் கிடக்கும். 1700கள்ல பென்சில்வேனியா வந்தவங்க கதை வேற, 1727லேர்ந்து இருக்கற, வந்து இறங்கினவங்க எடுத்த விசுவாசப் பிரமாண லிஸ்ட்ல வெறும் பேர்தான், அந்தக் காலத்துக்கு ஏற்கனவே பலர் ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்காங்க, அதைத் தேடிப் பிடிக்கறது லாபம்.

சரி, ஊர் கிடைச்சாச்சு. இப்பதான் ஜெர்மன் தளங்கள். முதல் வேலை மேயர்ஸ் ஊர் அகராதி, 1912, 1913 வாக்குல வந்தது, ஜெர்மன் பேரரசுல இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேல ஊர்கள் அதுல இருக்கு, ஆன்லைன்ல இலவசம். உங்க கிராமத்துக்கு சொந்த சர்ச் உண்டா, இல்ல பக்கத்து ஊர் சர்ச்சான்னு இங்க தெரிஞ்சுக்கலாம். அப்புறம் ஜெர்மன் வம்சாவளி சங்கம் காம்ப்ஜென் தளத்துல ஊர்க் குடும்பப் புத்தகங்கள் இருக்கு, யாரோ புண்ணியவான் ஒரு ஊர் சர்ச் புத்தகம் மொத்தத்தையும் படிச்சு குடும்பம் குடும்பமா அடுக்கி வெச்சது, அதுவும் இலவசம். உங்க ஊர் அதுல இருந்தா ஒரே ராத்திரியில 1600கள் வரைக்கும் போயிடலாம், வேற எதுக்கும் காசு கட்ட வேண்டாம்.

இல்லன்னா புராட்டஸ்டன்ட்டா கத்தோலிக்கரான்னு பாருங்க. கத்தோலிக்கர்னா மட்ரிகுலாங்கற தளம், காசே கிடையாது, பாஸ்ஸாவ், ரேகன்ஸ்பர்க், ம்யூன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டப் புத்தகங்கள் எல்லாம் பக்கம் பக்கமா ஸ்கேன். புராட்டஸ்டன்ட்னா ஆர்க்கியோன் தளம், 2015ல ஆரம்பிச்சது, காசு கட்டணும், வருஷ சந்தா வேண்டாம், ஒரு மாசத்துக்கு எடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர் சர்ச் புத்தகம் அதுல ஏறியிருக்கான்னு பாத்துக்கோங்க, அந்தப் பட்டியலைப் பாக்க காசு கேக்க மாட்டாங்க. ரெண்டுலயுமே பொதுவா பேர் டைப் பண்ணித் தேட முடியாது, வெறும் படங்கள், பக்கம் புரட்டணும். பேர் போட்டுத் தேடணும்னா ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி தளங்கள்தான். ஃபேமிலிசர்ச் இலவசம், ஆனா ஜெர்மன் புத்தகப் படங்கள் சிலதை அவங்க சென்டருக்கு நேர்ல போனாத்தான் காட்டும். வூர்ட்டம்பெர்க் குடும்பம்னா மட்டும் இந்த இடத்துல ஆன்செஸ்ட்ரிக்கு காசு குடுக்கலாம், அங்க லூத்தரன் பதிவுகள் நல்லா இருக்கு.

எங்க கேஸ் மாதிரி பொமரேனியா, சிலேசியா, கிழக்கு பிரஷ்யான்னா ஊர் இப்ப போலந்துல இருக்கும், நௌகார்ட் இப்ப நோவோகார்ட். இரண்டாம் உலகப்போர்ல நிறைய சர்ச் புத்தகம் போயிடுச்சு, மிஞ்சினது பல கையில சிதறிக் கிடக்கு. ஆனா போலந்து அரசு ஆவணக் காப்பகங்கள் ஸ்கேன் பண்ணி இலவசமாப் போட்டிருக்கற சிவில் பதிவுகள் (சர்ச் இல்லாம அரசாங்கமே எழுதின பொறப்பு, கல்யாணம், சாவுப் பதிவு) அருமை. பிரஷ்யாவுல சிவில் பதிவு 1874 அக்டோபர்லேர்ந்து, மொத்த ஜெர்மனிக்கும் 1876 ஜனவரிலேர்ந்து. என் ஆளு 1868லயே போயிட்டாரே, அது எதுக்குன்னு கேப்பீங்க. ஊர்லயே இருந்துட்ட அவர் தம்பி 1890ல செத்திருந்தா, அந்தச் சாவுப் பதிவுல அப்பா அம்மா பேர் இருக்கும், அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரோட. சர்ச் புத்தகம் எரிஞ்ச ஊருக்கு இதுதான் பின்வாசல். ஜெர்மனியில பொறப்புப் பதிவு 110 வருஷம், கல்யாணம் 80, சாவு 30 வருஷம் ஆனதும் பொதுப் பார்வைக்கு வந்துடும்.

கடைசி சாய்ஸ், ஆளு வெச்சுத் தேடறது. மணிக்கணக்குல சார்ஜ் பண்ணுவாங்க. எங்க நாத்தனார் ஒருத்தர்கிட்ட "எங்க குடும்பத்தைப் பத்தி எல்லாம் வேணும்"னு சொல்லி நல்ல தொகை குடுத்தாங்க, வந்தது சர்நேம் பத்தி நாலு பக்கமும், கேடயம் சிங்கம் போட்ட ஒரு குடும்பச் சின்னமும். பண்ணைக் கூலியா இருந்த குடும்பத்துக்கு சிங்கம் எங்கேர்ந்து வந்துதோ! ஆளு வைக்கறதா இருந்தா கேள்வி குறுகலா இருக்கணும்: இந்த ஊர், இந்த சர்ச், இந்த வருஷத்துலேர்ந்து இந்த வருஷம் வரைக்கும் இந்தத் தம்பதியோட பிள்ளைங்க ஞானஸ்நானம் வேணும், உச்சவரம்பு இத்தனை மணி நேரம். ஆன்லைன்ல வராத புத்தகத்துக்கு, நேர்ல போய்ப் பாக்க வேண்டிய காப்பகத்துக்கு இது நியாயமான செலவு.

கையெழுத்து படிக்க வரலங்கறதுக்காக மட்டும் ஆளு வைக்காதீங்க. குர்ரென்ட்ங்கற அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்து முதல்ல மிரட்டும், "e"யும் "n"னும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா சர்ச் புத்தகத்துல திரும்பத் திரும்ப வர்றது முப்பது நாப்பது வார்த்தைதான். ட்ரான்ஸ்கிரிபுஸ்னு ஒரு கருவி இருக்கு, படத்தைப் போட்டா ஓரளவு படிச்சுக் குடுக்கும், பேர்களை மட்டும் நீங்க சரிபார்க்கணும். இன்னொரு குழப்பம், ஒரே வீட்டுல நாலு பையனுக்கும் முதல் பேர் யோஹான்னு இருக்கும், கூப்பிடற பேர் ரெண்டாவது. யோஹான் ஃப்ரீட்ரிக் அமெரிக்காவுல ஃப்ரெட், யோஹான் வில்ஹெல்ம் இங்க வில்லியம், யோஹான்னு தேடினா ரெண்டு பேரும் மாட்டாங்க. பொண்ணுங்க சர்நேம் பின்னாடி "இன்" ஒட்டும், "முல்லரின்"னு இருந்தா முல்லர் வீட்டுப் பொண்ணு. வெஸ்ட்ஃபாலியா பக்கம் பண்ணை வெச்சிருக்கற பொண்ணைக் கட்டினா மாப்பிள்ளையே அந்தப் பண்ணை பேருக்கு மாறிடுவார், அங்க ஆளைத் தொலைச்சா முதல்ல கல்யாணப் பதிவைப் பாருங்க.

பாஸ்போர்ட்டுக்காக இதெல்லாம் பண்ணலாமான்னும் கேக்கறாங்க. 1904க்கு முன்னாடி கிளம்பினவங்க பத்து வருஷம் வெளிநாட்டுல இருந்து, தூதரகத்துல பதிவு பண்ணாம விட்டிருந்தா அந்தக் குடியுரிமை பெரும்பாலும் அப்பவே போயிருக்கும், அதனால 1860, 1870 ஆளுங்களை வெச்சு கேஸ் நிக்காது. அதுக்கப்புறம் போனவங்கன்னா, பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி அப்பா அமெரிக்கப் பிரஜை ஆயிட்டாரான்னு தேதி பாக்கணும். நாஜி காலத்துல துரத்தப்பட்டு குடியுரிமை பறிபோன குடும்பம்னா அதுக்குத் தனிச் சட்டப் பிரிவே இருக்கு, அவங்க முப்பாட்டன் ஊரையெல்லாம் தேட வேண்டாம், நேரா ஜெர்மன் தூதரகத்துக்கு எழுதலாம்.